உப்புக்காற்றில் மரவீடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பழைய வீடு ஒன்றைப் புதுப்பிக்க வேண்டுமென்று கூப்பிட்டால், இந்த ஆசாரி முதலில் வீட்டுக்குள் நுழைவதில்லை. தோட்டத்தைச் சுற்றி வருவார். எந்தப் பக்கம் மண் மேடேறியிருக்கிறது, கூரைத் தண்ணீர் எங்கே விழுந்து எந்த வழியாக வெளியேறுகிறது, மேற்கே நிழல் தர மரம் உண்டா, தென்கிழக்கே யாராவது மதில் எழுப்பிக் காற்றை மறித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். தூணும் உத்திரமும் அதற்கப்புறம்தான். "வீட்டுக்குள்ள தெரியற நோவு எல்லாம் வெளியேருந்து வர்றதுதாங்க" என்பது வீட்டுக்காரர்களிடம் அவர் வழக்கமாகச் சொல்லும் முதல் வார்த்தை.

இந்தத் தொழிலில் அவருக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் உண்டானபோது அவர் அப்பாவை விட்டுத் தனியாக வேலை எடுக்கத் தொடங்கியிருந்தார். கேரளத்தைப் போலப் பலகைச் சுவர் வைத்த வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது. சுவர் மண்ணோ செங்கல்லோதான். ஆனால் திண்ணைத் தூண், போதிகை, உத்திரம், கைமரம், நிலை, முற்றத்தைச் சுற்றி ஓடும் தாழ்வாரம் என்று வீட்டைத் தாங்குவதெல்லாம் மரம். ஊர்க்காரர்கள் இதை 'கட்டை வீடு' என்றும் 'ஓட்டு வீடு' என்றும் சொல்வார்கள். ஆசாரிக்கு எல்லாமே மரவீடுதான்.

அவர் முதலில் கற்றது பனை. அப்பா பனையை வெட்டச் சொல்லும் முன் அடிமரத்தைத் தட்டிப் பார்ப்பார். மற்ற மரங்களுக்கு வயிரம் உள்ளே இருக்கும். பனைக்கு அது வெளிவட்டத்தில் கறுப்பாக இறுகியிருக்கும், நடுவே இருப்பது வெறும் சோறு. நன்றாக முற்றிய மரத்தை நீளவாக்கில் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளி, கறுத்த பகுதியை மட்டும் கைமரமாக்கினால் கரையான் சுலபத்தில் தொடாது, உப்புக்காற்றும் அதை ஒன்றும் செய்யாது. இளம் மரத்தை அவசரத்துக்கு வெட்டிப் போட்டால் சில மழைக்காலங்களிலேயே உளுத்துவிடும். மரக்காணம் உப்பளங்களுக்கு அருகே இன்றும் நிற்கும் நாட்டு ஓட்டு வீடுகளின் கூரையைப் பிரிக்கும்போது, ஓடு நொறுங்கியிருக்கும், மூங்கில் சட்டம் பொடியாகியிருக்கும், பனங்கைமரம் மட்டும் உளி இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருக்கும்.

அந்தப் பனைதான் இப்போது கிடைப்பதில்லை. செங்கல் சூளைக்கு விறகாகவே ஏராளமான பனை போய்விட்டது. 2021இல் தமிழ்நாடு அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியரின் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தது. ஆசாரி அதை முழுமனதோடு வரவேற்கிறார். பழைய வீட்டை இடிக்கும் இடங்களுக்குப் போய்க் கைமரங்களை விலைக்கு வாங்கி, ஆணித்துளைகளை அடைத்து, இன்னொரு வீட்டுக் கூரையில் ஏற்றுவது அவர் வேலையில் பெரும்பகுதி ஆகிவிட்டது. தேக்குக்கும் அதே கதை. பர்மா தேக்கு ஒரு காலத்தில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் கப்பலில் வந்து இறங்கியது. மியன்மர் 2014 ஏப்ரலில் முழுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. அதற்குப் பிறகு கடையில் அவர் பார்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளின் தேக்கு. பழைய பர்மா உத்திரம் ஒன்று கிடைத்தால் அதை அறுக்கக்கூட யோசிப்பார்.

கூரையில் மரம் எங்கே கெடுகிறது என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது தொண்ணூறுகளின் சிமெண்ட். அந்த ஆண்டுகளில் கொஞ்சம் காசு கையில் வந்தவர்கள் எல்லோரும் சுண்ணாம்புச் சுவரைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள். அதன்மேல் பெயிண்டு. தரையில் டைல்ஸ். வீடு பளிச்சென்று ஆனது. ஏழெட்டு ஆண்டுகளில் ஒவ்வொரு வீடாக அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்: மச்சு தொங்குகிறது, கட்டை நெரிகிறது.

ஏறிப் பார்த்தால் நடு உத்திரம் கல்லுபோல இருக்கும். சுவருக்குள் நுழையும் நுனி மட்டும் கைவிரலால் கிள்ளினால் வரும். காரணம் எளிது. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு விடாது. மேலே மேலே ஏறும் ஈரம் கடைசியில் போய்ச் சேருமிடம் உத்திரத்தின் நுனி. அங்கே வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. பூஞ்சை பிடிக்கிறது, பின்னாலேயே கரையான் வருகிறது. வெளியே வெள்ளையாகத் தெரியும் சொத்தைப் பல்லைப் போல, பெயிண்டு அடித்த மரம் கடைசி நாள்வரை எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

அப்படியொரு வீட்டில், முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டுமென்று சொல்லி ஒப்பந்தக்காரர் ஒருவர் பெரிய தொகை கேட்டிருந்தார். ஆசாரி கூரைக்கு முட்டுக்கொடுத்து நிறுத்தினார். கெட்ட நுனியை நல்ல மரம் தெரியும்வரை சாய்வாக அறுத்தார். அதே சாய்வில் பழைய தேக்கில் புது நுனி செய்து, கழுந்தும் துளையுமாகக் கோத்து, பித்தளைத் திருகில் இறுக்கினார். நுனி உட்காரும் இடத்தில் ஒரு கருங்கல் பலகை. மரத்துக்கு இரண்டு பக்கமும் மேலேயும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. புது நுனிக்கு முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் இந்த எண்ணெய் கையில் பட்டால் தோலைச் சுட்டுவிடும், ஆனால் கரையானுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார்: அந்தச் சுவரின் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசுங்கள்.

சுண்ணாம்பு வேலையை அவர் புதுச்சேரியில் பார்த்துத்தான் முழுதாகப் புரிந்துகொண்டார். அங்கே தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு அத்தெருவின் வீட்டுமுகப்புகளை வரிசையாகச் சீர்செய்தது. திண்ணைக்கு முன்னால் மரத்தூண்களின்மேல் தெருவோரமாக ஓடும் தாழ்வாரங்களைத் திரும்ப எழுப்பினார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. அங்கு வேலை பார்த்தவர்களிடம் பழகித்தான், மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்லும் பழைய மச்சை இன்றும் புதிதாகப் போட முடியும் என்பதை அவர் நம்பினார். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின்மேல் சன்னமான செங்கல்லை விளிம்பில் நிறுத்திக் குறுக்காகக் கோத்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். மேலே தட்டோடு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் அடிக்கும் அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு. அவர்களுக்குக் கொத்தனார் கூலியாவது கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழுதிக் கேட்பார்.

அதே புதுச்சேரியில் அவரை மிகவும் யோசிக்க வைத்த கட்டடம் கான்கிரீட்டால் ஆனது. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' விடுதி. ஜப்பானில் பணிபுரிந்துவந்த ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1937இல் வேலையைக் கவனிக்க வந்து தங்கியவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மர வேலைக்காக உலகப் புகழ் பெற்றவர். கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்திருக்கின்றன. இரண்டு பக்கமும் தோட்டம். ஜன்னலில் கண்ணாடியே கிடையாது. சுவருக்குச் சுவர் திருப்பி மூடித் திறக்கும் கிடைப்பலகைகள். அறைக்கதவுகள் காற்று நுழையும்படி இடைவெளி விட்டுக் கோத்த தேக்குச் சட்டங்கள், பக்கவாட்டில் நகர்பவை. கீல், பிடி முதலியவற்றைப் பித்தளையில் வார்த்திருக்கிறார்கள். கடலுக்கு மிக அருகில், எண்பது ஆண்டுகளாக, மின்விசிறிக்கு அதிக வேலையில்லாமல் மக்கள் குடியிருக்கும் இடம் அது. தோட்டம் வீட்டுக்குக் காற்றைக் கொண்டுவரும் உறுப்பு என்பதை அங்கே அவர் கண்ணால் பார்த்தார்.

திரும்பி வந்து எடுத்த வேலைகளில் அந்தப் பாடம் தெரிகிறது. கோடையில் பகல் ஏறினால் இந்தக் கரையில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்துச் சுவரில் மூடிய ஜன்னல்களைத் திறந்து, மரச்சட்டக் கதவு வைத்து, எதிர்ப்பக்கம் கூரைக்கு அடியில் காற்று வெளியேற வழி விடுவார். மேற்கே ஜன்னலைச் சிறிதாக்கி, வேம்போ புளியோ நட்டு மாலை வெயிலை மறிப்பார். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அங்கே தாழ்வாரத்தை ஆழமாக இறக்குவார். கண்ணாடி போட்டு மூடிய முற்றங்களைத் திறக்கச் சொல்லி அவர் மன்றாடிய வீடுகள் பல. கொசுவுக்கு வலை போடலாம், ஆனால் முற்றத்தை மூடிய வீட்டில் மரம் வேர்க்கும் என்பார்.

வீட்டை நிலத்தோடு சேர்க்கிறோம் என்று சுவரோரமாகவே செடி நடுவதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. கரையான் மண்ணிலிருந்து இருட்டில்தான் ஏறும். அடித்தளத்தைச் சுற்றி இரண்டு மூன்று முழம் வெறுமையாக, கூழாங்கல் பரப்பி, பார்வைக்குத் தெரியும்படி இருந்தால் அது கட்டும் மண்கூடு அன்றைக்கே கண்ணில் படும். ஓட்டிலிருந்து விழும் தண்ணீரும் அந்தக் கல்லில் விழுந்து சுவரில் தெறிக்காமல் ஓடும். செடி, கொடி எல்லாம் அந்தப் பட்டைக்கு வெளியே.

வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் அவர் கற்ற வேலை வேறு வகை. 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு காடின்றி மழையில் அரித்துக் கிடந்தது. ஆரம்பகாலக் குடியிருப்புகள் பலவும் சவுக்குக் கம்பும் கீற்றும். சவுக்கு மலிவு, நேர்கம்பு, இந்த மாவட்டத்துக் கொல்லைகளிலேயே விளைவது. ஆனால் மண்ணில் நட்டால் சில ஆண்டுகளில் அடி உளுத்துவிடும். அங்கே கருங்கல் கம்பத்தை மண்ணில் நட்டு, தரைக்கு மேலே வந்த கல்லோடு சவுக்கைப் பிணைத்தார்கள். மரம் மண்ணைத் தொடவே தொடாது. இந்த ஒரு முறையை ஆசாரி திண்டிவனத்துத் திண்ணைத் தூண்களுக்குக் கொண்டுவந்தார். தூணின் அடியில் கருங்கல் பீடம், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு செப்புத்தகடு. அப்படி மாற்றிய தூண்களுக்கு அடியில் ஈரம் ஏறியதில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அடுத்த சில மாதங்களுக்கு அவர் பார்த்ததெல்லாம் கூரை வேலைதான். அந்த வேலையில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. வீட்டுக் கூரையும் தாழ்வாரக் கூரையும் ஒரே சட்டமாக ஓடிய வீடுகளில், காற்று தாழ்வாரத்துக்கு அடியில் நுழைந்து முழுக் கூரையையும் தூக்கியிருந்தது. தாழ்வாரத்தைத் தனிச் சட்டத்தில் கட்டிய வீடுகளில் தாழ்வாரம் மட்டும் போனது. அன்றிலிருந்து இரண்டையும் பிரித்தே கட்டுகிறார், கைமரத்தைச் சுவர்மேல் ஓடும் சட்டத்தோடு துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் இறுக்குகிறார்.

இரண்டாவது, மரங்கள். வேகமாக வளரும் என்று நட்ட கத்திச்சவுக்கு முறிந்து கூரைகளின்மேல் விழுந்திருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் இருக்கும் வகைகள் அப்படிச் சாய்வதில்லை. வீரை, காயா, கருங்காலி, மகிழம், உலக்கைப்பாலை எல்லாம் மெதுவாக வளரும், அடர்ந்து நிற்கும், காற்றைச் சல்லடையாகச் சலித்து அனுப்பும். இந்தக் கரையோரத்தின் சொந்தக் காடு அதுதான். இலை உதிராத அந்தக் குட்டைக் காட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயிலை ஒட்டிய துண்டுகளே. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளத்தில் இந்த மரங்களுக்குப் பல ஆண்டுகளாக நாற்றங்கால் வைத்து வளர்க்கிறார்கள். வீடு புதுப்பிக்கும் செலவில் ஒரு சிறு பகுதியை இந்த நாற்றுகளுக்கு ஒதுக்கச் சொல்கிறார் ஆசாரி. கடலுக்கு நேர்முகமாக இருக்கும் மனைகளில் முதல் வரிசையில் தாழையும் புன்னையும், அதற்குப் பின்னால் பூவரசு, அதற்கும் பின்னால் மற்றவை. உப்பை முன்வரிசை தாங்கிக்கொள்ளும்.

உப்பைப் பற்றிப் பேசினால் அவர் குரல் உயரும். 2004 சுனாமிக்குப் பிறகு குப்பங்களில் கீற்று வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் வீடுகள் வந்தன. கடலுக்குப் பக்கத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருத்து, சிமெண்டை உடைத்து வெளியே தள்ளும். மரத்திலும் இரும்பாணி அதையேதான் செய்கிறது: துரு பரவிச் சுற்றியுள்ள நாரைக் கறுக்க வைத்து அரிக்கிறது. ஆணி அடித்த இடத்தில் மரம் பிளந்தால், குறை மரத்தினுடையதென்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்பா காலத்தில் மூங்கில் ஆணியும் மர ஆணியும். இவர் காலத்தில் பித்தளையும் துருப்பிடிக்காத எஃகும். செலவு கூடும்தான், ஆனால் அந்தச் செலவை மிச்சப்படுத்தச் சொல்பவரின் வேலையை அவர் எடுப்பதில்லை.

கடந்த இருபது ஆண்டுகளில் இன்னொரு வகை வேலை வந்தது. கேரளத்துப் பழைய மரவீடுகளைப் பிரித்து லாரியில் ஏற்றி இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். வீட்டைப் பெயர்த்து எடுத்துவந்து நிறுத்துவது புதிதல்ல. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கேரளத்து வீடுகளும் செட்டிநாட்டு வீடும் அப்படித்தான் நிற்கின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் எண் எழுதிப் பிரித்தால் திரும்பக் கோப்பது சிரமமில்லை. சிரமம் தட்பவெப்பத்தில் இருக்கிறது. ஆண்டின் பாதி மழை பார்த்த மரம், இங்கே கத்திரி வெயிலிலும் ஆனி மாதத்து மேல்காற்றிலும் காய்ந்து சுருங்கும். பலகைகள் விலகும். மழைக்காலத்தில் மறுபடி உப்பிக் கதவு இறுகும். அதனால் பலகைக் கழுந்துகளை ஒட்டாமல் நகர இடம் விட்டே கோப்பார், ஓராண்டு முழுதும் போன பிறகுதான் கதவை இறுதியாக இழைப்பார். வீட்டுக்காரர்கள் அவசரப்படுவார்கள். "ஒரு கோடை, ஒரு மழை பார்க்கட்டும்மா, அப்புறம் இழைச்சுத் தரேன்" என்று சொல்லிவிடுவார்.

கடலை ஒட்டிய மனை என்றால் விதியையும் பார்த்தாக வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது, 2011இலும் 2019இலும் புதிதாக வெளியானது. உயர் அலைக்கோட்டிலிருந்து கட்டுமானம் கூடாதென்று வரையறுத்த பகுதிக்குள்ளும், அனுமதி பெற்ற பழைய வீட்டை அதே அடித்தளப் பரப்புக்குள் பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் அது இடம் தருகிறது. பழைய வீட்டைக் காப்பாற்ற இதுவும் ஒரு காரணம் என்பதை அவர் வீட்டுக்காரர்களுக்கு எடுத்துச் சொல்வார்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் கரை மீறின. விழுப்புரம் பல நாள் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்த பிறகு அவர் தான் வேலை பார்த்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். உயர்ந்த திண்ணையும், தோட்டத்திலிருந்து தெருவாய்க்காலுக்குத் தண்ணீர் போக வழியும் இருந்த வீடுகளில் மரம் நனைந்து, தை வெயிலில் காய்ந்து, பழையபடி ஆனது. சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்தியதால் திண்ணை தெருவுக்குக் கீழே போய்விட்ட வீடுகளில் நிலைகளின் அடி ஊறிப்போயிருந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது அடுக்குப் போடுவதுதான் திண்டிவனத்து ஓட்டு வீடுகளுக்கு இன்று வரும் பெரிய கேடு என்று அவர் உறுதியாகச் சொல்கிறார்.

அவர் பட்டறையில் இப்போது இரண்டு இளைஞர்கள் வேலை பழகுகிறார்கள். பிளைவுட் அலமாரி செய்தால் இதைவிடக் கூலி அதிகம் கிடைக்கும் என்று தெரிந்தே வந்தவர்கள். அவர்களுக்கு வேலை தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால் வீடுகள் நிற்க வேண்டும்.

மரக்காணத்திலோ திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ பாட்டன் காலத்துக் கட்டை வீடு வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். தை பிறந்து மழைவாடை போனதும், சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொரு உத்திரத்தையும் உளியால் குத்திப் பாருங்கள். சுற்றிலும் மண் ஏறியிருந்தால் இறக்குங்கள். ஓடு நகர்ந்திருந்தால் ஆடிக்குள் மாற்றிவிடுங்கள். இடிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், ஒரு தச்சரையும் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும் கூப்பிட்டு ஒரு நாள் முழுதும் வீட்டைக் காட்டுங்கள்.